நாயின் காதுக்குள் ஒரு வளைவு

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் ஜனவரிப் புழுக்கம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது. காது தொங்கும் நாய்களுக்கு அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடலில் நீந்திவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் முன்பு, காது தொங்கும் ஸ்பானியல் வகை நாய் ஒன்று இருந்தது. காது நாறுகிறதே என்று பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்தேன். குச்சியில் பழுப்பாகக் குறும்பி வர வர, சுத்தமாகிறது என்று நினைத்தேன். உண்மையில் பாதியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில், காதைத் தொட்டாலே அலறியது. அந்த அலறலை இன்னும் மறக்க முடியவில்லை.

நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கும், அப்புறம் உள்பக்கம் திரும்பும். நம் 'ட' எழுத்து மாதிரி. செவிப்பறை அந்த வளைவுக்கு அப்பால் இருக்கிறது. குச்சி தள்ளுகிற அழுக்கெல்லாம் வளைவில்தான் போய் அடைகிறது.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? கால்நடை மருத்துவர் தரும் காது கழுவும் மருந்தை வாங்குங்கள். புட்டியை வெதுவெதுப்பான நீரில் சற்று வையுங்கள், சில்லென்று ஊற்றினால் நாய் ஓடிவிடும். காதுமடலை மேலே தூக்கி, புட்டியின் முனை உள்ளே படாமல், குழாய் நிறையும்வரை ஊற்றுங்கள். பிறகு காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று கேட்கும். கையை எடுத்துவிட்டுத் தலையை உதற விடுங்கள். ஆழத்தில் இருக்கும் அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான். மிச்சத்தை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகிற அளவுக்கு மட்டும் துடையுங்கள். அடுத்த காதுக்கு வேறு பஞ்சு.

நம் பாட்டிமார் காதுவலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவார்கள். நாய்க்கு அது வேண்டாம். எண்ணெய் உள்ளே தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புண்ணில் பட்டால் எரியும்.

தலையை ஒரு பக்கம் சாய்த்தே நடக்கிறதா, தள்ளாடுகிறதா, சீழோ ரத்தமோ வருகிறதா? எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் காதுப் பூச்சி. அதற்கும் மருந்து அவரிடம்தான்.

இளஞ்சிவப்பாக, நாற்றமில்லாமல் இருக்கும் காதை வாராவாரம் கழுவ வேண்டாம். நீந்தி வந்த நாளில் மடலைத் தூக்கி ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.