சுடரின் இரைச்சலைக் கேட்டவர்

(திருகோணமலையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கோணேசபுரி வளாகத்திலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர்களே, சிவாச்சாரியார் அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பணிப்பாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அலுவலகக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். கடைசி வரை இருக்கும்படி அவரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நான் பேசப்போகும் விடயத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

எரிதலை ஆராயும் ஒரு விஞ்ஞானியால் உலகத்துக்கு என்ன பயன் என்பது எனக்குத் தந்த தலைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் வான்வெளிப் பொறியியல் பேராசிரியராக இருக்கும் ஆர். ஐ. சுஜித் அவர்களின் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். ரொக்கெட், மின்நிலையம், வீட்டு மண்ணெண்ணெய் விளக்கு என்று மூன்று இடங்களைத் தொட்டுப் பேச நினைக்கிறேன்.

நெருப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்தபோது சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

சரி, ரொக்கெட்டுக்கு வருவோம். சந்திரனுக்கு மனிதனைக் கொண்டுபோன சற்றேர்ன் 5 ரொக்கெட்டின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள். அவை குடித்தது என்ன தெரியுமா? சுத்திகரித்த மண்ணெண்ணெய்! கூடவே திரவ ஒட்சிசன். ஓர் எஞ்சின் ஒரு விநாடிக்கு இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரைத் தொன் விழுங்கும். 1962இல் சோதனை மேடையில் அப்படியொரு எஞ்சின் தன்னைத் தானே அழித்துக்கொண்டது. உள்ளே எரியும் சுடர் அழுத்த அலையை எழுப்பியது. அந்த அலை சுடரை உலுக்கியது. உலுங்கிய சுடர் இன்னும் பெரிய அலையை எழுப்பியது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதேதான். வெப்பம் சரியான கணத்தில் சேர்ந்தால் அதிர்வு வளரும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ரேலி பிரபு 1878இலேயே சொல்லிவிட்டார். ஆனால் எந்தக் கணத்தில் அது தொடங்கும் என்று பொறியியலாளர்களுக்குத் தெரியவில்லை. அப்போது அவர்கள் செய்ததைக் கேளுங்கள். எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளே வேண்டுமென்றே சிறு குண்டுகளை வெடிக்க வைத்தார்கள்! குண்டு கிளப்பிய அதிர்வு தானாக அடங்குகிறதா, வளர்கிறதா என்று பார்த்தார்கள். வளர்ந்தால் அந்த வடிவத்தை எறிந்துவிட்டு வேறொன்றைச் செய்தார்கள். எரிபொருள் பீச்சும் தட்டின் மீது செம்புத் தடுப்புகளை வைத்து, அதைப் பதின்மூன்று அறைகளாகப் பிரித்த பிறகுதான் எஞ்சின் வழிக்கு வந்தது. கடைசியில் குண்டு வெடித்தாலும் பத்தில் ஒரு விநாடிக்குள் அதிர்வு அடங்கியது. இதற்கு ஏறக்குறைய 2,000 முழு அளவுச் சோதனைகள் தேவைப்பட்டன. 1969இல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் வைத்ததற்குப் பின்னால் இந்தக் குண்டுகளும் இருக்கின்றன, பிள்ளைகளே.

இதே நோய் இன்றைக்கு மின்நிலைய வாயுச்சுழலிகளில், அதாவது எரிந்து சூடான வாயு சுழற்றும் இயந்திரங்களில், வருகிறது. காற்றை மாசாக்கும் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காக எரிபொருளைக் குறைத்து, காற்றைக் கூட்டி எரிக்கிறார்கள். அப்படி எரியும் சுடர் எளிதில் தளம்பும். இங்கேதான் சுஜித் அவர்களின் குழு வருகிறது. எரியறையின் சாதாரண இரைச்சலை வெறும் சத்தம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். இவர்கள் அதை உட்கார்ந்து கேட்டார்கள். அதற்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருப்பதையும், பெரிய அதிர்வு வருவதற்கு முன் அந்த இரைச்சலுக்கு நடுவே விட்டுவிட்டுச் சீரான துடிப்புகள் தலைகாட்டுவதையும் 2014 வாக்கில் வெளிவந்த கட்டுரைகளில் காட்டினார்கள். அழிவு வந்த பிறகு காரணம் தேடிய துறைக்கு, வருவதற்கு முன்பே எச்சரிக்கும் வழி கிடைத்தது. என் கணக்கில் இது குண்டு வைத்துப் பார்த்ததைவிடப் பெரிய முன்னேற்றம்.

விளக்கைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். குப்பி விளக்கு சரிந்து உடல் வெந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத, உருளாத, மூடி திருகிய விளக்கை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சுடரின் இரைச்சலைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் சுடரைக் கொளுத்த வேண்டும். நம் மாவட்டத்தில் பன்சன் சுடரடுப்பை ஒரு தடவைகூடக் கொளுத்தாமல் உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பார்த்த சில பாடசாலைகளில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது. காஸ் இல்லை, உதவியாளர் இல்லை, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். பிள்ளை படத்தைப் பார்த்துப் படம் கீறிப் புள்ளி வாங்குகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய செலவொன்றும் கேட்கவில்லை. ஓர் இரும்புக் குழாய், கீழிருந்து கால் பங்கு உயரத்தில் ஒரு துண்டுக் கம்பிவலை. வலை சிவக்கும்வரை சூடாக்கிவிட்டுச் சுடரை எடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் குழாய் ஊதும். படுக்கையாகச் சாய்த்தால் நின்றுவிடும். ரைக்கே என்ற ஒல்லாந்து விஞ்ஞானி 1859இல் சொன்ன பரிசோதனை இது. சந்திர ரொக்கெட்டை உலுக்கிய அதே விதி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் சத்தம் போடும்!

பணிப்பாளர் அவர்களே, பூட்டிய ஆய்வுகூடங்களைத் திறக்கச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பித்தான் மறுபடியும் எழுதியிருக்கிறோம். பாடசாலைக்கு ஓர் ஆய்வுகூட உதவியாளர், தவணைக்கு ஒரு காஸ் சிலிண்டர், வாரத்தில் ஒரு செய்முறைப் பாடவேளை. இவ்வளவுதான் கோரிக்கை. மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்தோடு பிள்ளை படிக்கும் பாடசாலையின் பெயரையும், அங்கே ஆய்வுகூடம் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வெருகல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.