முன் ஷாஃப்ட் சும்மா இருக்குன்னு நெனச்சு ஏமாந்த கதை

வணக்கம் நேயர்களே. பழைய ஜீப்பு வச்சிருக்கவங்களுக்கு ஒபயோகமா ஏதாவது சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க, காலையில ஒரு ஹப்பைப் பிரிச்சுப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறி வந்துட்டேன், சோப்பு போட்டும் கையில கிரீஸ் வாசனை போகல, மைக்கைத் தொடக் கூச்சமா இருக்கு.

போடி பக்கத்து ஆளுங்களுக்கு ஜீப்பு பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. விடியக்காலையில ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுற வண்டிங்கள்ல வளந்தவன் நான். இன்னைக்கு நான் சொல்லப்போறது எல்லாம் அந்த உசரமான மூக்கு வச்ச பழைய மஹிந்திரா ஜீப்பு, சிஜே 3பி வகை, அதை மனசுல வச்சுத்தான். அமெரிக்காக்காரன் வில்லிஸ் கம்பெனி 1953ல கொண்டாந்து 1968ல நிறுத்திட்டான், ஆனா நம்ம ஊர்ல அதே உருவம் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. புஸ்தகத்துல அதோட முன் ஆக்ஸிலுக்கு டானா 25, கியர் பாக்ஸ்லேர்ந்து வர்ற சுத்தை முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிச்சுக் குடுக்குற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு டானா 18னு பேரு. பட்டறையில அதெல்லாம் யாரு சொல்றா, முன் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதான். அந்த டிரான்ஸ்ஃபர்லேர்ந்து முன் ஆக்ஸிலுக்குப் போற நீளத் தண்டுதான் முன் ஷாஃப்ட், பின் ஆக்ஸிலுக்குப் போறது பின் ஷாஃப்ட்.

மொதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். பல வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தாரு, அண்ணே அம்பது கிலோமீட்டர் வேகம் தாண்டினா சீட்டுக்கு அடியில அதிருது, 4 வீல் போடல, 2 வீல்லதான் போறேன்னாரு. 2 வீல்தானே, அப்ப பின் ஷாஃப்ட்தான்னு நான் முடிவு பண்ணி பின் ஷாஃப்ட் முனைகள்ல வளைஞ்சு சுத்துறதுக்கு இருக்குற ரெண்டு யு.ஜே. கிராஸையும் மாத்தினேன். அதிர்வு போகல. வீல் பேலன்ஸ் பாத்தேன், போகல. கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் மாத்தினேன், அப்பவும் போகல, அவரு மூஞ்சி மாறிடுச்சு. கடைசியில ஒரு நாள் சாயங்காலம் எரிச்சல்ல முன் ஷாஃப்ட்டை ரெண்டு முனையிலயும் கழட்டி வண்டிக்குள்ளயே போட்டுட்டு ஓட்டிப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி போகுது. அதாவது கோளாறு நான் பாக்கவே மாட்டேன்னு விட்ட எடத்துல இருந்திருக்கு.

ஏன்னா, முன் வீலை ஆக்ஸிலோட சேக்கவும் பிரிக்கவும் செய்யிற ஹப் லாக் இல்லாத வண்டியில 2 வீல்ல போனாலும் முன் ஷாஃப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும். இஞ்சின் அதைத் தள்ளாது, ஆனா ரோடு வீலைச் சுத்துது, வீல் ஆக்ஸிலைச் சுத்துது, ஆக்ஸில் நடுவுல இருக்குற பெரிய பல் சக்கரமான கிரவுனைச் சுத்துது, கிரவுன் ஷாஃப்ட்டைச் சுத்துது. ஹப் லாக்கை லூஸ் பண்ணி விட்டாத்தான் அது நிக்கும். நம்ம ஊரு வண்டிகள்ல பாதிக்கு அது கெடையாது, தட்டையான பிளேஞ்சுதான் இருக்கும். போல்ட்டைக் கழட்டி எடுத்துப் பாத்தா அந்த ஷாஃப்ட்டுல என்ன கோளாறுன்னா, நடுவுல நீளம் கூடிக் குறையிற ஸ்லிப் ஜாயின்ட் இருக்கு இல்லியா, அதை யாரோ கிரீஸ் வைக்கக் கழட்டி திரும்ப மாட்டும்போது பல்லு மாத்தி மாட்டிட்டாங்க. கிராஸைப் புடிச்சிருக்குற ரெண்டு முனைக் கவட்டையும், அதாவது யோக்கும், ஒரே நேர்ல இருக்கணும், அப்பத்தான் ஒரு கிராஸ் குடுக்குற ஏத்த இறக்கத்தை இன்னொண்ணு சரிக்கட்டும். சில ஷாஃப்ட்டுல அம்புக்குறியே போட்டிருக்கும், இதுல துரு மூடியிருந்துச்சு. யாரோன்னு சொன்னேன்ல, ஆறு மாசம் முன்னாடி அந்த கிரீஸ் வச்சது நான்தான். பின் கிராஸ் காசை வாங்கல.

அதனால இப்ப எந்த வண்டி வந்தாலும் மொதல்ல பாகத்தை மாத்துறதில்ல, பாகத்தைப் பிரிச்சுப் பாக்குறேன். முன் ஷாஃப்ட்டைக் கழட்டி ஓட்டுறது அரைமணி நேர வேலை, செலவு ஒண்ணுமில்ல, அதிர்வு முன்னாடியா பின்னாடியான்னு அதுலயே தெரிஞ்சுபோகும்.

அடுத்து சத்தம். வீல்ல ஊங்குன்னு முனகல் வருதா? வேகமா இல்லாம மெதுவா ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஓட்டுங்க, ஒரு பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடி இன்னொரு பக்கம் கொறஞ்சா வீல் பேரிங்னு வச்சுக்கலாம். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒரு மாதிரி, விட்டா ஒரு மாதிரி கத்துச்சுன்னா கிரவுனும் அதோட சேர்ற சின்னப் பல் சக்கரமான பினியனும் இருக்குற பக்கம் பாக்கணும். மிதிக்கும்போதும் விடும்போதும் டக்குன்னு ஒரே ஒரு அடி அடிச்சா கிராஸ், இல்ல ஸ்லிப் ஜாயின்ட் தேய்மானம், இல்ல பினியன் நட் லூஸ். கிராஸ் கப் ஓரத்துல மஞ்சள் குங்குமம் கலந்த மாதிரி சிவப்பு பொடி இருந்தா அது கிரீஸ் காஞ்சு ஊசி ரோலர் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், இனிமே கிரீஸ் அடிச்சுப் பிரயோசனமில்ல. 4 வீல் போட்டு முழுசா ஒடிக்கும்போது மட்டும் டிக் டிக்னு கேட்டா ஹவுசிங் முனையில உருண்டைக்குள்ள இருக்குற ஆக்ஸில் ஜாயின்ட்.

இப்ப எல்லாரும் பயப்படுற உதறல். ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் கையில நிக்காம படபடன்னு அடிக்கும், வண்டியை நிறுத்தினாத்தான் அடங்கும். இதுக்கு நெறைய பேர் ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்குற டாம்பர் வாங்கி மாட்டுறாங்க, வலிக்குற பல்லுக்குக் கிராம்பு வச்ச மாதிரி கொஞ்ச நாள் அமுங்கும். முன் வீலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, பின் வீலுக்குக் கட்டை குடுத்துட்டு, டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருக்கா? ஒரு பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், நிக்கலன்னா முன் வீல் இடம் வலம் திரும்புற அச்சான கிங் பின்னோட பேரிங். ரொம்ப சிம்பிளான விஷயம், ஆனா இதைச் செய்யாம கிங் பின் பிரிச்ச ஆளுங்களை எனக்குத் தெரியும்.

கிங் பின்ல மேலயும் கீழயும் ஷிம் தகடு இருக்கும், அதுல ரெண்டு மூணு எடுத்தாத் தானா டைட் ஆகும். எவ்வளவு டைட்னா, வீலைத் திருப்புற கம்பியான டாய்ராடைக் கழட்டி, ஆயில் சீலையும் வெளிய எடுத்துட்டு, டாய்ராடு ஓட்டையில தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தா சுமார் 5லேர்ந்து 7 கிலோவுல, வீலைத் தாங்கித் திரும்புற நக்கிள் திரும்பணும். சீல் மாட்டியிருந்தா அது புடிக்கிற புடியும் சேந்து பொய்க் கணக்கு வரும். வீல் பேரிங்குக்கு வேற முறை, வீலைச் சுத்திக்கிட்டே நட்டை முறுக்கணும், புடிக்க ஆரம்பிச்சதும் ஆறுல ஒரு பங்கு சுத்து திருப்பி விட்டு லாக் பண்ணணும். அப்புறம் இந்த வண்டியில டாய்ராடு ஒரே நீளக் கம்பி இல்ல, நடுவுல ஸ்டியரிங் இழுப்பை ரெண்டு பக்கத்துக்கும் குடுக்குற பெல் கிராங்க்னு ஒண்ணு இருக்கு, அதோட புஷ் தேஞ்சா கிங் பின் புதுசா இருந்தாலும் உதறும். ஸ்ப்ரிங் ஷேக்கிள் புஷ்ஷையும் பாத்துக்கங்க.

இன்னொண்ணு, 4 வீல் லீவர் வரமாட்டேங்குதுன்னு சுத்தியலோட வர்றவங்க. தார் ரோட்டுல 4 வீல்ல வளைச்சு வளைச்சு ஓட்டினா அப்படித்தான் ஆகும். வளைவுல முன் வீல் அதிக தூரம் போகணும், பின் வீல் கொஞ்சமாப் போகணும், அந்த வித்தியாசத்தை விட்டுக்குடுக்க நடுவுல டிஃபரன்ஷியல் இல்ல, சேத்துலன்னா டயர் வழுக்கி விட்டுடும், தாருல வழுக்காது, ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும். கொஞ்ச தூரம் நேரா ரிவர்ஸ் எடுங்க, தானா வந்துடும். நாலு டயரும் ஒரே சைஸ் இல்லன்னா நேர் ரோட்டுலயே இந்த முறுக்கல் வரும், முன்னாடி புதுசு பின்னாடி மொட்டை போட்டு ஓட்டுறவங்க கவனிக்கணும். பெரிய குத்தம் இல்ல, ஆனா கிராஸ் சீக்கிரம் போகும்.

ஆயில் லீக் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஒரு எஸ்டேட் டிரைவர் முன் பினியன் சீலை மூணு தடவை மாத்திட்டு வந்தாரு, வேற வேற பட்டறை. ஓடை தாண்டி ஓடுற வண்டி. டிரெயின் போல்ட்டைக் கழட்டினா ஆயில் பால் காப்பி மாதிரி வருது. ஹவுசிங் மேல பிரீதர்னு ஒரு சின்ன குமிழ் இருக்கும், உள்ள சூடான காத்து வெளிய போற வழி, அதுல குளவி மண்ணு கட்டி அடைச்சிருக்கு. ஹவுசிங் சூடாகும்போது காத்து வெளிய போக வழியில்லாம சீல் வழியா ஆயிலைத் தள்ளுது, ஓடைத் தண்ணியில குளுந்தா அதே வழியா தண்ணியை உறிஞ்சுது. ஒரு கம்பியை விட்டு நோண்டினேன், உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. புது சீலும் 90 நம்பர் ஆயிலும் போட்டு அனுப்பினேன், அந்தக் கம்பியைக் குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கி டேஷ்போர்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி வச்சுக்கிட்டாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரமாயிடுச்சாம். வர்றேங்க, வணக்கம்.