புள்ளியும் புள்ளிவிவரமும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடப் புள்ளிவிவரம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் ரேடியோவை அணைக்கக் கை போயிருக்கும். கொஞ்சம் பொறுங்கள், கல்யாண வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஊரில் எத்தனை புள்ளி என்றால் எத்தனை குடும்பம் என்று பொருள். கல்யாணத்துக்கு முன் அவரவர் கோயிலில் சொல்லி மாலை வாங்கி வரவேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். மாலை கொடுத்த கையோடு புள்ளி ஏட்டில் ஏறிவிடும். என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை. “அந்த ஏட்டுல தப்பு இருக்காதுடா, ஏன் சொல்லு?” என்பார். சாமிக்குப் பயந்து என்பேன். “அட போடா! பேரு விட்டுப்போனா மாலை வராதுல்ல? அவனவனே வந்து சரிபார்த்துக்குவான்.” கோயிலுக்கும் அந்த ஏடு வேண்டும், புள்ளி வரி வாங்க வேண்டுமே! எழுதுகிறவர், சொல்கிறவர் இரண்டு பேருக்கும் அதில் காரியம் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தலைமையாசிரியராக இருந்தவன். யுடைஸ் என்பது மத்திய அரசு நாடு முழுக்கப் பள்ளி விவரம் திரட்டுகிற ஏற்பாடு. அதில் நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் எண் என்று 11 இலக்கத்தில் ஒன்று உண்டு. நம் மாநிலத்துக்கு 33-ல் தொடங்கும். முன்பெல்லாம் வகுப்புக்கு இத்தனை பேர் என்று தலைக்கணக்கு கொடுத்தால் போதும். 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு. தமிழ்நாட்டுக்கென்று எமிஸ் என்ற மாநில அரசின் கணினிப் பதிவேடு வேறு இருக்கிறது.

ஒரு வருடம் திருப்பூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். டி.சி. கையில் இருக்கிறது. ஆனால் பழைய பள்ளி எமிஸில் அவளை விடுவிக்கவில்லை. அவர்கள் விடுவித்தால் பெயர் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு வரும், நாங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். போன் போட்டேன். “சர்வர் ஸ்லோ சார்.” மறுபடி போட்டேன், அதே சர்வர். ஐந்து வாரம் அந்தப் பிள்ளை என் கண்முன் உட்கார்ந்திருக்கிறாள், கணினியில் திருப்பூரில் இருக்கிறாள்! எனக்குக் கோபம்தான். அப்புறம் யோசித்தால், அங்கே பதிவு செய்கிறவரும் பாடம் நடத்துகிற ஒரு டீச்சர். பொத்தானை அழுத்துகிற வேலை அவருக்கு, பலன் எனக்கு. தாத்தா சொன்ன மாலை அங்கே இல்லை.

பயிற்சிக் கூட்டங்களில் எங்கே அழுத்தவேண்டும் என்று சொல்லித் தருவார்கள். எந்தக் கேள்வி உங்களுக்குப் பயன்படும், எது வேண்டாம் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. படிவம் முடிவான பிறகு கூப்பிடுவது விருந்து முடிந்து இலையை எடுக்கும்போது கூப்பிடுவது மாதிரி.

ஒருமுறை நானே பள்ளி மேலாண்மைக் குழுவில் எங்கள் விவரங்களை வாசித்துக் காட்டினேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பேரனை வளர்க்கிற ஓர் ஆச்சி எழுந்தார். “சார், நீங்க வச்சிருக்கிறது அவங்கப்பா நம்பரு. அவன் சிங்கப்பூர்ல கெடக்கான். பள்ளிக்கூடம் லீவுன்னு அவனுக்குச் சேதி போயி என்ன பண்ண? நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு மழையில வந்து நிக்கிறேன்.” வெளிநாட்டுப் பிழைப்புள்ள நம் ஊர்களில் இது எத்தனை வீட்டுக் கதை! அன்றே ஒரு நோட்டில் வீட்டிலிருக்கிறவர் எண்ணை எழுதத் தொடங்கினோம். அடுத்த வாரமே நாலைந்து பேர், நான் கூப்பிடாமலே, நம்பரைச் சரிபார்க்க வந்தார்கள். மாலைக்கு வந்த மாதிரி.

பிள்ளைகள் விவரத்தை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதுதான் நான் முக்கியமாகப் பேச நினைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அடுத்த குழுக் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் எமிஸ் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, போன் நம்பர், அதோடு… சரி, மணி அடித்துவிட்டது. வணக்கம்.