ஆறாவது ஆள்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கிராமத்துக் கொலைக் கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கதைக்குப் போகும் முன் ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தும் வேல்சும் தொட்டுக்கொள்கிற எல்லையில் ஹே என்று ஒரு சிற்றூர். இன்று பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஊர். 1921-இல் அங்கே இரண்டு வக்கீல்கள் எதிரெதிரே தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேஜர் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங், இன்னொருவர் அவரைவிட இளையவரான ஆஸ்வால்ட் மார்ட்டின். ஒரு நில விற்பனையில் இருவருக்கும் இழுபறி. அக்டோபர் 26-ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங் மார்ட்டினைத் தன் வீட்டுக்குத் தேநீர் சாப்பிடக் கூப்பிட்டார். வெண்ணெய் தடவிய ஸ்கோன் ரொட்டி ஒன்றை எடுத்து, “கையால் கொடுக்கிறேன், மன்னிக்கணும்” என்கிற மாதிரி ஏதோ சொல்லி நீட்டினார். அன்று இரவு மார்ட்டினுக்கு அடக்க முடியாத வாந்தி.

இதில் துப்புத் துலக்கியது யார் தெரியுமா? மார்ட்டினின் மாமனார் ஜான் டேவிஸ். ஹேயில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஆம்ஸ்ட்ராங் தோட்டத்து டான்டலியன் களையைக் கொல்வதற்கென்று அவர் கடையில்தான் ஆர்சனிக் வாங்கியிருந்தார். ‘குளிர்காலம் வரப்போகிறது, இந்த மனிதருக்கு இவ்வளவு பாஷாணம் எதற்கு? இவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்த நம் மாப்பிள்ளைக்கு இப்படி ஏன் வயிற்றைப் புரட்டுகிறது?’ இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்தக் கடைக்காரர் ஒருவரால்தான் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு மார்ட்டின் வீட்டுக்கு யார் அனுப்பியது என்று தெரியாமல் ஒரு சாக்லேட் பெட்டி வந்ததும், அதைத் தின்ற உறவுக்காரப் பெண் ஒருவர் நோயில் விழுந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. மிச்சமிருந்த சாக்லேட்டுகளை எடுத்துப் பார்த்தால், சிலவற்றின் அடியில் சின்னதாகத் துளை. டேவிஸ் ஊர் டாக்டரிடம் போய்ச் சொன்னார். மார்ட்டினின் சிறுநீரும் சாக்லேட்டும் லண்டனுக்குப் போயின. ஆர்சனிக் இருந்தது.

போலீஸ் சத்தமில்லாமல் விசாரித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில் ஆம்ஸ்ட்ராங் மார்ட்டினைத் திரும்பத் திரும்பத் தேநீருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மார்ட்டினோ சந்தேகப்படுவதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, போகவும் கூடாது. நாளுக்கொரு சாக்குச் சொல்லித் தப்பித்தார். டிசம்பர் 31-ஆம் தேதி கைது. ஆம்ஸ்ட்ராங்கின் சட்டைப்பையிலேயே ஒரு ஆர்சனிக் பொட்டலம் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோன அவருடைய மனைவியின் உடலைத் தோண்டி எடுத்தார்கள், அதிலும் ஆர்சனிக். இயற்கை மரணம் என்று அப்போது சான்று கொடுத்தவரும் அதே ஊர் டாக்டர்தான். மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 1922 மே 31-ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங்கைத் தூக்கிலிட்டார்கள். கடைசிவரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சம்பவத்தில் எல்லாமே இருக்கிறது பாருங்கள். சின்ன ஊர், மரியாதைப்பட்ட மனிதர், தேநீர், களைக்கொல்லி. முக்கியமாக, காவல்துறைக்குச் சம்பந்தமே இல்லாத, கடையில் நின்று பொட்டலம் மடிக்கிற ஒரு மனிதரின் கண்.

சரி, கதைக்கு வருவோம்.

1927 டிசம்பரில் ‘ராயல் மேகசின்’ என்ற பத்திரிகையில் அகதா கிறிஸ்டி ஒரு சிறுகதை எழுதினார். ஒரு கிராமத்து வீட்டின் பழைய கூடத்தில் மாலையில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியக்காரப் பெண், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் தலைவர் சர் ஹென்றி, ஒரு பாதிரியார், ஒரு வக்கீல். ‘விடை தெரியாத குற்றங்களை வாரம் ஒருவர் சொல்வோம், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்’ என்று பேச்சு எழுகிறது. அந்தப் பெண் தலைகளை எண்ணுகிறாள். ஐந்து. ஆறு பேர் இருந்தால் நன்றாயிருக்குமே என்கிறாள். அப்போது மூலையில் பெரிய நாற்காலியில் கறுப்பு லேஸ் தொப்பியோடு உட்கார்ந்து, வெள்ளையாக மெத்தென்று எதையோ பின்னிக்கொண்டிருந்த கிழவி, ‘என்னை விட்டுவிட்டாயே அம்மா’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அதுவும் யார் வீட்டில்? அவளுடைய சொந்த வீட்டில்!

மிஸ் மார்ப்பிள் இலக்கியத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். நான் இன்று சொல்ல வந்ததும் இந்த ஒரு காட்சியில் அடக்கம். இந்தக் கதைகளை இவ்வளவு பேர் விரும்பிப் படிப்பது கொலைக்காக இல்லை, அழகான கிராமத்துக்காகவும் இல்லை. யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத ஓர் ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்கிற சந்தோஷத்துக்காக.

அந்த முதல் கதையில் மூன்று பேர் ஒரே மேசையில் இரவு உணவு சாப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சாகிறார். கதையைச் சொன்ன சர் ஹென்றி போக, படித்தவர்கள் மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள். கடைசியில் வந்த இனிப்பின் மேல் சமைத்தவள் எதைத் தூவியிருப்பாள் என்று யோசித்தது மிஸ் மார்ப்பிள் மட்டும்தான். அது போலீஸ் தலைவருக்கு வேண்டாத விஷயம், வக்கீலுக்கும் வேண்டாத விஷயம். மேற்கொண்டு சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், விட்டுவிடுகிறேன். அதே கதையில், ஊர் அம்மாள் ஒருவர் கடையில் வாங்கிய இறால் பொட்டலம் வீடு வந்து பார்த்தால் காணோம் என்று மிஸ் மார்ப்பிள் ஒரு புதிர் போடுகிறார். எல்லோருக்கும் சிரிப்பு. இறால் காணாமல் போவதும் ஆள் கொலையாவதும் அவருக்கு ஒரே மாதிரிக் கணக்குத்தான் என்பது அவர்களுக்குப் புரிய நேரமாகிறது.

அவர் துப்புத் துலக்குகிற முறையைக் கவனியுங்கள். பூதக்கண்ணாடி இல்லை, கைரேகை இல்லை. ‘இவரைப் பார்த்தால் எனக்கு எங்கள் ஊரில் இன்னாரின் ஞாபகம் வருகிறது’ என்பார். கடைப் பையன் ஒருவன் எப்போதோ செய்த சின்னத் திருட்டு, ஒரு வேலைக்காரப் பெண் சொன்ன பொய், இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார். புதிதாக ஒரு மனிதர் வந்தால் அந்த அடுக்கில் யாரோடு ஒத்துப்போகிறார் என்று பார்க்கிறார். நாம் வம்பு என்று ஒதுக்குகிற சரக்கு முழுவதும் அவரிடம் ஆவணம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர் அந்த வாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார்.

1930-இல் வந்த முதல் மார்ப்பிள் நாவலில் பாதிரியாரின் வீட்டு எழுதுமேசையில் ஒரு கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். கதையைச் சொல்வதே அந்தப் பாதிரியார்தான். அந்தக் கர்னலை யாராவது கொன்றால் உலகத்துக்கு நல்லது செய்த மாதிரி என்று தொடக்கத்திலேயே சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொன்னவரும் அவரே! அந்த அறையின் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் பழகியவர்களுக்கும் அது தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. மிஸ் மார்ப்பிளின் தோட்டம் பக்கத்திலேயே. செடிக்குக் களையெடுக்கிற நேரத்தில் யார் எந்தச் சந்து வழியாகப் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். பறவை பார்ப்பதற்கென்று தொலைநோக்கி வேறு. என்ன பறவையோ!

இந்தக் கதைக்கு ஏன் கிராமம் வேண்டும் என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது. லண்டன் தெருவில் ஒரு ஆள் மூன்று மணிக்கு நடந்து போனால் அது செய்தி இல்லை. மிஸ் மார்ப்பிள் வசிக்கிற செயின்ட் மேரி மீட் போன்ற ஊரில் தபால் வரும் நேரம், ரயில் நேரம், கோயில் நேரம், தேநீர் நேரம் என்று நாள் முழுக்க வகுத்து வைத்திருக்கிறது. அதில் ஒருவர் பத்து நிமிஷம் பிசகினால்கூட எதிர்வீட்டு ஜன்னல் திரை அசையும். பொய் சொல்வதற்கு மிக மோசமான இடம் அது. ஆகவே கொலைகாரன் அபார மூளைக்காரனாக இருந்தே ஆக வேண்டும். கதையும் தானாக இறுகிவிடுகிறது.

அப்புறம், அந்தக் காலத்தின் ஒரு துயரமும் இதற்குள் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். கல்யாணம் ஆகாமல் நின்றுபோன அந்தப் பெண்களை உபரி என்றே பத்திரிகைகள் எழுதின. உபரி! டோரதி சேயர்ஸ் 1927-இல் எழுதிய நாவலில் மிஸ் கிளிம்ப்சன் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி ஒரு சிற்றூருக்குப் போய்த் தங்கி, தேநீர் குடித்துக்கொண்டே எல்லா விஷயத்தையும் கறந்துகொண்டு வருகிறார். இத்தனை திறமையை ஒரு தேசம் வீணாக்குகிறதே என்று அந்த நாவல் கேலியாகவே கேட்கிறது. மிஸ் மார்ப்பிள் அவர்களுக்கு முந்தைய தலைமுறை என்றாலும் அதே வரிசையில் நிற்கிறவர். கிறிஸ்டியே தன் சுயசரிதையில் மார்ப்பிளின் மூலம் பற்றி ஒன்று சொல்கிறார். 1926-இல் வந்த தன் நாவலில் கிராமத்து டாக்டரின் அக்காள் ஒருத்தி வருவாள். வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச் செய்தி அத்தனையும் தெரிந்தவள். அதை நாடகமாக்கியபோது அவளை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டுவிட்டார்கள். கிறிஸ்டிக்கு அதில் மிகுந்த வருத்தம். நாடகக்காரர்களும் அந்த ஓவியக்காரப் பெண் மாதிரியே தலைகளை எண்ணியிருக்கிறார்கள்.

இந்தக் கதைகளைத் திட்டியவர்களும் உண்டு. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் ஒரு கட்டுரையில் இந்த ஆங்கிலேய வகையைத் தோலுரித்தார். கொலை என்பது நிஜத்தில் இப்படி நடப்பதில்லை என்பது அவர் கட்சி. அது நியாயம்தான். இன்னொரு பக்கம் கவிஞர் ஆடன், இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் நடக்காத துப்பறியும் கதையைப் படிப்பதே தனக்குக் கஷ்டம் என்று ஒப்புக்கொண்டவர். 1948-இல் அவர் எழுதிய கட்டுரையின்படி பிணம் பொருத்தமே இல்லாத இடத்தில் கிடக்க வேண்டும், வரவேற்பறைக் கம்பளத்தில் நாய் அசிங்கம் பண்ணிவைத்த மாதிரி. அதுவரை சரி. ஆனால் இந்தக் கதைகள் நம் குற்ற உணர்வைக் கழுவி, இழந்த ஏதேன் தோட்டத்துக்குத் திரும்பின மயக்கத்தைத் தருகின்றன என்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. செயின்ட் மேரி மீடை ஏதேன் என்று நினைக்கிற கடைசி ஆள் மிஸ் மார்ப்பிள். அந்தக் கர்னலைக் கொல்லக் காரணம் உள்ளவர்கள் குறைந்தது ஏழு பேர் இருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னவர் அவர்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்காரப் பெண்களை மந்தபுத்திக்காரிகளாக, சளி ஒழுகுகிறவர்களாக எழுதும் வழக்கம் இந்தக் கதைகளில் நிறைய. செத்தவருக்காக யாரும் அழுவதில்லை. மதியச் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. கொலைகாரனுக்குத் தூக்கு என்பது புத்தகம் முடிந்த பிறகு எங்கோ நடக்கிற விஷயம். படித்து ரசிக்கிற நாமும் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

1950-இல் வந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஓர் ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது: இன்ன வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை 6:30 மணிக்கு ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வரவும் என்று. விளையாட்டு என்று நினைத்து ஊரே கிளம்பி வருகிறது, ஆளுக்கொரு நொண்டிச் சாக்கோடு! போர் முடிந்து ஐந்து வருஷம். இன்னும் ரேஷன் நடக்கிறது. வெண்ணெயையும் கரியையும் அக்கம்பக்கத்தில் கமுக்கமாக மாற்றிக்கொள்கிறார்கள், அதற்காக ஒருவர் வீட்டுப் பின்கதவை இன்னொருவர் திறந்துகொண்டு போகிறார்கள். விசாரிக்கிற இன்ஸ்பெக்டரிடம் மிஸ் மார்ப்பிள் சொல்கிற விஷயம் என்னவென்றால், முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் தெரிந்தவர்களிடமிருந்து அறிமுகக் கடிதத்தோடு வருவார்கள். இப்போது எங்கிருந்தோ வருகிறார்கள், அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதுதான் நமக்குத் தெரிவது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சாம்ராஜ்யம் சுருங்கித் திரும்பி வந்தவர்கள் அந்த ஊர்களில் சின்ன வீடாகப் பார்த்துக் குடியேறுகிறார்கள். அந்த நாவலிலேயே இந்தியாவிலிருந்து வந்த கர்னல் ஒருவர் இருக்கிறார். ரேஷன் கார்டும் அடையாள அட்டையும் எல்லோரிடமும் உண்டு. ஆனால் அந்த அட்டையில் இருக்கிற ஆள்தானா இது? முப்பதுகளில் இந்த வகைக் கதைக்கு ஆதாரமாக இருந்த ‘எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும்’ என்கிற தூணையே கிறிஸ்டி இங்கே பிடுங்கிவிடுகிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தை நினைத்து ஏங்குகிற எழுத்து என்று இவரை ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்த நாவலைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

தமிழில் இந்த மரபு ஏன் வேர்விடவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார், சுஜாதாவின் கணேஷ் வந்தார். எல்லோரும் நகரத்து ஆண்கள், தொழிலே அது அல்லது அதற்குப் பக்கத்துத் தொழில். ஊரில் உட்கார்ந்தபடி துலக்குகிற ஒரு கிழவியை அந்த அளவுக்குப் பேர்சொல்லும் பாத்திரமாக நாம் உருவாக்கவில்லை. எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், இடம் காலியாகத்தான் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பீர்கள். சின்னத்திரையில் ஜோன் ஹிக்சன் மிஸ் மார்ப்பிளாக நடித்து 1984 முதல் 1992 வரை பிபிசி எடுத்த வரிசை அருமையானது. ஆனாலும் அதைப் பிற்பாடு பாருங்கள். முதலில் அந்த 1927 சிறுகதை. அது உள்ளிட்ட 13 கதைகள் 1932-இல் ஒரே தொகுப்பாக வந்தன. ஒரு கதைக்கு அரை மணி நேரம் போதும். பிறகு 1930 நாவல், அடுத்து 1950 நாவல். நூலகத்தில் கடன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் யாராவது ஒரு புண்ணியவான் முதல் அத்தியாயத்திலேயே கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார். ரப்பரோடு போங்கள், அதையும் வேறு யாரையாவது விட்டு அழிக்கச் சொல்லுங்கள்.