அடிக்கடி நின்றுபோகும் வீட்டுக் கம்ப்யூட்டர்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். மதுரை திருநகரில் என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரை நானும் அக்கா மகனும் சேர்ந்து, பாகம் பாகமாக வாங்கி மாட்டினோம். ஒன்றரை வருடம் குறையில்லாமல் ஓடியது. அப்புறம் வாரத்துக்கு மூன்று நான்கு முறை நின்றுபோக ஆரம்பித்தது. பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள், பாதி எழுதிய ப்ராஜெக்டை இரண்டு முறை இழந்தாள். "மாமா, இதத் தொடவே பயமா இருக்கு" என்றாள். அந்தக் கோளாறை எப்படிப் பிடித்தோம் என்பதைத்தான் இப்போது காட்டப்போகிறேன்.

கடையில் விசாரித்தபோது ஒருவர் "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்றார், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. இன்னொருவர் "போர்டு போச்சு" என்றார், அதாவது மதர்போர்டு. இருவருமே கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. ஊகத்தை நம்பி ஒவ்வொன்றாக மாற்றினால் காசு கரையும், கோளாறு அப்படியே இருக்கும். நான் முதலில் வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு.

[திரையில்: நோட்டின் முதல் பக்கம், மூன்று பேர் கையெழுத்தில்]

கம்ப்யூட்டர் நிற்கும்போது யார் உட்கார்ந்திருந்தாலும் தேதி, மணி, என்ன வேலை நடந்தது, எப்படி நின்றது என்று எழுத வேண்டும். எப்படி நின்றது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. படம் அப்படியே உறைந்து மௌஸ் கூட அசையாமல் நிற்பது ஒரு வகை. பிழைச் செய்தியோடு திரை முழுக்க நீலமாகும் நீலத்திரை வருவது இன்னொரு வகை; புதிய விண்டோஸ் 11இல் அது கறுப்பாக வரும். எந்த அறிவிப்பும் இல்லாமல் பட்டென்று அணைந்து தானாகவே மறுபடி ஆன் ஆவது மூன்றாவது. மூன்றையும் "ஹேங் ஆயிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் வழி தவறுகிறது.

[திரையில்: ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம்]

நோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இது: விண்டோஸ் தானாகவே எழுதிவைக்கும் குறிப்பு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தட்டித் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கர்னல் பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளைதான் காரணம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆனது என்பதைத் தவிர அந்த 41 வேறு எதையும் சொல்வதில்லை. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை: கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் எண். எங்களுக்குச் சில பதிவுகளில் 0 இருந்தது, சிலவற்றில் 26. அந்த 26 மெமரி மேனேஜ்மென்ட் பிழையின் எண், அதனால் ரேம் மீது சந்தேகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: இங்கே இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

முதலில் 0 வந்தவை. நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம், ஐந்தரை மணிக்கு மேல். அக்காதான் சொன்னாள், "தம்பி, அது நான் மாவாட்டுற நேரம்டா." ஹாலில் கம்ப்யூட்டர் சொருகியிருக்கும் பிளக்குக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் பிளக்குக்கும் ஒரே வயர்தான் போகிறது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் அதிக கரண்ட்டை இழுக்கும், வோல்டேஜ் சற்று இறங்கும். கரண்ட் முழுதாக அறுந்தாலும் நல்ல எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லி நொடி வரை சமாளிக்கும். நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்றே 20 மில்லி நொடிதான். அதற்கு மேல் விழுந்தால் கம்ப்யூட்டர் அணையத்தான் செய்யும்.

உடனே எதையும் வாங்கவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் படுக்கையறைப் பிளக்குக்கு மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை. இரண்டு சனிக்கிழமை மாவாட்டியும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து ஹால் சுவிட்ச் பாக்ஸைத் திறக்கச் சொன்னோம்.

[திரையில்: சுவிட்ச் பாக்ஸின் உள்பக்கம், நெருக்கமாக]

இதைப் பாருங்கள். நியூட்ரல் வயரைப் பிடித்திருக்கும் திருகு லூசாகி, வயரின் மேல்தோல் பழுப்பேறி, நுனியில் கருகியிருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை, வீடே தப்பித்தது. இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள், ஆள் வைத்துச் செய்யுங்கள். கேபினட்டைத் தொடும்போது சுர்ரென்று ஷாக் அடித்தாலும் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் கம்ப்யூட்டர் அணைகிறதா? பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலில் மாறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

சரி, அந்த 26க்கு வருவோம். முதலில் வாங்கியது 8 ஜிபி ரேம். பிறகு பத்தாமல் வேறு கம்பெனியின் 8 ஜிபி ஒன்றையும் சேர்த்தோம். இரண்டின் மீதும் 3200 என்றுதான் அச்சிட்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்கநிறக் கால்களை மென்மையான துணியால் துடைத்து, இரண்டு முனையிலும் 'டக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினோம். அப்படியும் நீலத்திரை வந்தது.

அன்று ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரை அதிலிருந்தே ஆன் செய்து விட்டுவிட்டுத் தூங்கினோம். இலவசப் பதிப்பு நான்கு சுற்று சோதிக்கும். காலையில் திரையெல்லாம் சிவப்பு வரிகள். இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. அடுத்த இரண்டு ராத்திரி ஒவ்வொரு ரேமையும் தனியாகச் சோதித்தோம். இரண்டுமே சுத்தம்! சேர்த்துப் போட்டால்தான் சண்டை. ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸில் எக்ஸ்எம்பி ஆனில் இருந்தது. அது ரேமை அதன் மேல் அச்சிட்ட 3200 வேகத்துக்கு ஓட்டும் வசதி. 1.2 வோல்ட்டில் ஓட வேண்டிய டிடிஆர்4 வகை ரேம் அப்போது பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்ததும் வேகம் 2400க்கு இறங்கியது, நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. வீட்டு வேலைக்கு இந்த வேகக் குறைவு தெரியவே இல்லை. என்னைக் கேட்டால், ரேமை ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குவதுதான் நல்லது.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். மௌஸ் அசைகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியை, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்கைப் பாருங்கள். சிஆர்சி பிழை, அதாவது டேட்டா கேபிளில் போகும்போது ஏற்படும் பிழையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் என்றால் பயாஸ் அப்டேட் அவசியம். அவற்றில் சில அதிக வோல்டேஜால் கெட்டுப்போனது தெரிந்து, 2024இல் இன்டெல் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. சூட்டைப் பொறுத்தவரை, ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், அதனால் மெதுவாவதுதான் முதல் அறிகுறி. நம்மூரில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம். கேபினட்டை மேஜையின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள்.

[திரையில்: நோட்டின் கடைசிப் பக்கம்]

ரேம் வேகத்தைக் குறைத்தது பிப்ரவரி 9. அந்தத் தேதிக்குக் கீழே அக்கா மகள் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: "ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுத்தாச்சு." அதற்குப் பிறகு பக்கம் காலியாகவே இருக்கிறது.