'தமிழ்' என்ற சொல்லின் நீளம்

அனைவருக்கும் வணக்கம்.

பலர் கூடி எழுதும் நிரலாக்கப் புத்தகம் ஒன்றில் நான் ஓர் அத்தியாயம் எழுதினேன். பைத்தான் மொழியில் சரங்களை, அதாவது ஆங்கிலத்தில் 'string' எனப்படும் எழுத்துத் தொடர்களை, கையாள்வது பற்றியது. ஆங்கிலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'ஹலோ' இருந்த இடத்தில் 'வணக்கம்' போட்டு, ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாகத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஐந்து வருகிறதே?"

நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. மூன்று எழுத்துதானே என்ற துணிச்சலில் எழுதிவிட்டேன். பைத்தான் 3 எண்ணுவதோ யூனிகோடு குறியீடுகளை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் கணினி தனித்தனியாக வைத்திருக்கும் எண்களை. த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. அதே சொல்லைக் கடைசியிலிருந்து திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி அனாதையாக முன்னால் வந்து நிற்கும். மகரத்தை விட்ட இகரக் குறி ழகரத்தில் ஒட்டி 'ழி' ஆகிவிடும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியத்தில் படித்தோமே, அந்தப் புள்ளி கணினிக்குள்ளும் தனி உருவமாக இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆங்கிலப் பாடநூலுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதைப் பார்த்து எழுதிய என் அத்தியாயத்திலும் அது இல்லாமல் போனது.

மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன். இப்போது அத்தியாயத்தின் நடுவில் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. வருவது குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர்; இல்லையென்றால் புதிய எழுத்தாகத் தொடங்கு. அவ்வளவுதான். 'தமிழ்' மூன்றாகிவிடும். ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இதில் உடைந்துபோகும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் உயர்நிலைப் பள்ளி மாணவர். என் வரிகளை இன்னொருவர் அழித்து எழுதியபோது முதலில் வலித்தது, உண்மைதான். அவர் எழுதியதை ஓட்டிப் பார்த்ததும் அந்த வலி போய்விட்டது.

கலைச்சொல்லுக்கும் ஒரு வாரம் விவாதம் நடந்தது. சிங்கப்பூர்த் தேக்கா பூக்கடையில் மல்லிகைச் சரம் பார்த்த பிள்ளைக்கு 'சரம்' என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால் அந்தச் சொல்லே நின்றது.

"இங்கே பிள்ளைகள் கணினியை ஆங்கிலத்தில்தானே படிக்கிறார்கள், இது யாருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். தமிழ் இணையத்துக்காக 1997-இல் அனைத்துலக மாநாடு கூடியது இந்தச் சிங்கப்பூரில்தான். 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி இங்கே வாழ்ந்த ஆசிரியர், எழுத்தாளர், 1999-இல் மறைந்தார். திரையில் தமிழ் தெரிவதற்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. நமக்கு அந்தப் பாடு இல்லை.

அடுத்தது தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் அத்தியாயம். ஜகரமும் னகரமும் யூனிகோடு அட்டவணையில் நடுவில் புகுந்திருப்பதால், வெறுமனே வரிசைப்படுத்தினால் நம் அகராதி முறை வராது. அதை எழுத இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே இருப்பேன், மடிக்கணினியும் கொண்டுவந்திருக்கிறேன்.