அகப்பையில் தெரியும் போர்

வணக்கம்ங்க. போர்ப் படம் என்றாலே நமக்கு மலையேறுகிற சிப்பாய், தாழப் பறக்கிற ஹெலிகாப்டர், கடைசியில் கொடி. கோவையோ திருப்பூரோ, தியேட்டரில் விசில் பறப்பதும் அதற்குத்தான். குண்டு விழுந்த தெருவில் மறுநாள் அடுப்பு எப்படி எரிந்தது என்று காட்டுகிற படங்கள் குறைவு, எனக்கு அவைதான் போர்ப் படங்கள்.

1988-இல் இசாவோ தகாஹாட்டா எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம், 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்'. 1945-இல் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன, தாய் செத்துப்போகிறாள், செய்ட்டா என்கிற பையன் நாலு வயசுத் தங்கை செட்சுகோவைத் தூக்கிக்கொண்டு ஒரம்பரையான ஒரு அத்தை வீட்டுக்குப் போகிறான். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் அந்த அத்தை, உங்கம்மாவின் கிமோனோவை விற்று அரிசி வாங்கலாம் என்கிறாள். அந்த அரிசி வந்தபிறகு, கஞ்சி ஊற்றும்போது அகப்பை எங்கே போகிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகிற தன் மகளுக்கு அடியிலிருந்து பருக்கை, இந்த இரண்டுக்கும் மேலாக வெறும் தண்ணி.

ஒரம்பரை வந்தால் வயிறு நிறைந்தபிறகும் விடாமல் பரிமாறுகிற ஊர் நம்முடையது, அவளை நாலு வார்த்தை கேட்கலாம் போலத்தான் இருக்கும். ஆனால் எல்லாமே ரேஷன், வீட்டில் சம்பாதிக்கிற வயிறு முதலில் நிறைய வேண்டும் என்கிற கணக்கு. படம் அவளை வில்லி ஆக்கவில்லை. காட்டில் விளைந்ததைத் திருடினான் என்று செய்ட்டாவை அடித்து இழுத்துப் போகிற விவசாயியையும்தான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த ஆட்கள் மேல் ஒரு குண்டும் விழவில்லை, இருந்தாலும் போர் அவர்களைத் தின்றுவிட்டது. மூலக்கதையை எழுதிய அகியுகி நோசாகா தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர், அதனால்தானோ என்னவோ யாரையும் எளிதாகத் திட்டவில்லை.

சோவியத் படமான 'கம் அண்ட் சீ' (1985) இதற்கு நேர் எதிர்: பெலாரஸில் நாஜிப் படை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்திய 628 கிராமங்களின் கதை, அதில் வரும் பையனின் முகம் படம் முடிவதற்குள் கிழவன் முகமாகிவிடும். பெரிய படம்தான், ஆனால் அந்தக் கொடுமைக்கு முன்னால் நாம் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறோம். அத்தையிடம் அப்படித் தப்பிக்க முடியாது, நானாக இருந்தால் அகப்பையை எங்கே விட்டிருப்பேன் என்று கேள்வி வந்துவிடுகிறது.

நம்ம பவானிசாகரிலேயே ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இருக்கிறது. அங்கே இப்படி எத்தனை வீட்டுக் கதைகள் இருக்கும்! நம்ம இயக்குநர்கள் துப்பாக்கியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பக்கம் வரலாம்.

கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள், கூட உட்காருங்கள். நன்றிங்க.